தானாக நிற்கும் வண்டி

அன்பும் மரியாதையும், இந்தத் தடவை கொஞ்சம் பயமும் கலந்து மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டியவன் எழுதுவது.

இங்கே என் மானம் ஒன்றைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். இதைக் கடைசிவரை படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு நீட்டி முழக்கினால் பிடிக்காது, நாலே வரியில் எழுதுங்கள் என்று உங்கள் தங்கை எச்சரித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். நாலு வரிக்குள் அடங்குகிற விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில்தான் நீங்கள் என்னை வாயைத் திறக்கவே விடவில்லையே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று உங்கள் அப்பாவுக்கு எடுத்துச் சொல்வதற்காக, கண் தெரியாத அந்த மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் படம் போட்டுக் காட்டிப் பேசிய புத்திசாலி நான்தான். ஒரு படமா, இரண்டு படமா? கண்ணின் குறுக்குவெட்டு, புரை வளர்கிற விதம், ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின் என்று வரிசையாகக் கலர் கலராக. ஆபீஸ் புரொஜெக்டரை மேலதிகாரியின் காலைப் பிடித்து வாங்கிவந்திருந்தேன். பாதியில் அதன் வயர் கழன்று விழுந்துவிட்டது. நான் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மாமா கவனிக்க வழியே இல்லை. வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து அவர் தலையாட்டித் தலையாட்டி ரசித்தார். முடிந்ததும், "அருமை மாப்பிள்ளை, கலரெல்லாம் எடுப்பா இருக்கு" என்றார். உங்கள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அவள் அழுகிறாள், என் பேச்சு அவளை உருக்கிவிட்டது என்று நான் நினைத்தேன். மச்சான், எனக்கும் கண் டாக்டர் தேவைப்படலாம்.

"நீங்கதான் பேசறதுக்கே சம்பளம் வாங்கறீங்களே, நீங்களே பேசிடுங்க" என்று நீங்கள் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியபோது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியது உண்மை. என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனியில், புகார் சொல்லப் போன் செய்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். முதல் நாள், முதல் வேலையாகப் பலகையில் ஒரு வரி எழுதுவேன்: எதிரே இருப்பது யார் என்று தெரியாமல் வாயைத் திறக்காதே. இதை எழுதிப் போட்டுவிட்டு அன்று முழுக்க வாயை மூடாமல் பேசுவேன். போன மாதம் முன்வரிசையில் ஒரு பெண், பார்த்தால் பூனை, வாயைத் திறந்தால் புலி, எழுந்து நின்று கேட்டாள்: "சார், உங்க வீட்ல நீங்க பேசினா யார் சார் கேட்பாங்க?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு டீ இடைவேளையில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன்.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பது நீங்கள் தூரத்தில் இருப்பதால் உங்களுக்கு முழுக்கத் தெரிந்திருக்காது. துணிக்கடை வாசலில் கோட்டுப் போட்டு நிறுத்தியிருக்கிற பொம்மைக்குத் தினமும் கையைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு, "அந்தப் புது முதலாளிக்கு ரொம்பத் திமிர், ஒருநாள்கூடப் பதிலுக்குக் கை தூக்கலை" என்று வீட்டுக்கு வந்து குறைப்படுவார். அதுகூடப் பரவாயில்லை, பொம்மைக்கு மரியாதை கிடைத்ததில் யாருக்கும் சேதமில்லை. ஆனால் வண்டியை விடமாட்டேன் என்கிறாரே. டிரைவிங் ஸ்கூலை விற்றபோது ஒரு காரை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார் இல்லையா, அதில் அத்தையை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்வருவது நிற்கவில்லை. ஒரு நாள் சாலையோரம் நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னால் போய் நின்று, சிக்னல் விழுந்திருக்கிறது என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். லாரி டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். அவன் சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்திக்கொண்டே வந்து லாரியை எடுக்கும்வரை இவரும் நின்றிருக்கிறார். "இந்த சிக்னலை யார் வச்சான், இவ்வளவு நேரமா" என்று வழியெல்லாம் திட்டு. பக்கத்தில் இருந்த அத்தை ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஏன் பேசவில்லை என்று கேட்டதற்கு, "நின்னா நல்லதுதானே" என்றார்.

இதற்கு நடுவே புதிதாக ஒரு புகார். "வண்டிக்கு வயசாயிடுச்சு மாப்பிள்ளை, போய்க்கிட்டே இருக்கும்போது தானா நின்னுடுது." அது பயிற்சி வண்டி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஓட்டிப் பழகுகிறவன் எங்காவது கொண்டுபோய் மோதப் பார்த்தால் சொல்லிக்கொடுக்கிறவர் அங்கிருந்தபடியே அழுத்தி நிறுத்திவிடலாம். அந்தப் பெடல் துருப்பிடித்துப் பிடித்துக்கொள்கிறதோ என்னவோ என்று நான் ஒரு யோசனை சொன்னேன். மாமா ஒருநாள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மெக்கானிக் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். வேடிக்கை என்னவென்றால், அவர் கை பட்ட பிறகு வண்டி முன்னைவிடப் பட்டென்று தானாக நிற்க ஆரம்பித்தது.

சுவர்ப் படம் தோற்றதும் நான் சோர்ந்துவிடவில்லை. வயசுக்கு வயசு பேசினால்தான் காதில் ஏறும் என்று எங்கள் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. அதன்படி மருந்துக்கடை அண்ணனை அழைத்துவந்தேன். மாமா வயசு, மாமாவிடம் வண்டி பழகியவர், இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர். இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா? மனிதர் வந்து உட்கார்ந்தார். டீயைக் குடித்தார். பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். பிறகு ஆபரேஷன் எப்படி நடந்தது என்று முதலிலிருந்து விவரிக்க ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் இல்லையா, ஒன்றையும் விடவில்லை. இமையை எதை வைத்து விரித்துப் பிடிப்பார்கள், எந்த இடத்தில் கீறுவார்கள் என்று பிஸ்கட்டை வைத்தே செய்து காட்டினார். எனக்குக் காது அடைத்தது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நான் தரையில் கிடக்கிறேன், மாமா பேப்பரால் விசிறிக்கொண்டிருக்கிறார், அத்தை தண்ணீர் தெளிக்கிறார். மருந்துக்கடை அண்ணன் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் கதையை முடித்துக்கொண்டிருந்தார். முடிவாவது நன்றாக இருந்ததா? கட்டு பிரித்ததும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தாராம், யாரோ ஒரு கிழவன் முறைத்தானாம், அவர்தானாம் அது. மனைவியைப் பார்த்தாராம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார். "பார்க்காம இருந்தவரைக்கும் நிம்மதியா இருந்தேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது நீங்கள் என்மேல் கோபமாக இருக்கிற இடத்துக்கு வருகிறேன். தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டுப் படியுங்கள்.

மாமாவை நன்றாகக் கவனித்ததில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. வாழ்நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவன் செய்கிற தப்பைத் திருத்தியே பழகிய மனிதர். நீங்கள் சரியாக ஒன்றைச் சொன்னால் அவர் காதில் விழாது. தப்பாக ஒன்றைச் சொன்னால் மட்டும் சட்டென்று விழித்துக்கொள்வார். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார். ஆகவே அவரிடம் தப்பாகப் பேச வேண்டும், அவரே திருத்திக்கொண்டு சரியான முடிவுக்கு வந்துவிடுவார். இந்தத் திட்டத்தை உங்கள் தங்கையிடம் விளக்கினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில் நான் பாட்டுப் பாடியபோது பார்த்த அதே பார்வை. இருந்தாலும் சாயங்காலம் மாமாவிடம் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு, நானும் யோசிச்சுப் பார்த்தேன் மாமா, இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், வேண்டவே வேண்டாம், இருக்கிற பார்வை போதும் என்றேன். சொல்லிவிட்டு அவர் திருத்துவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் மாப்பிள்ளை, நீங்க உருப்படியா ஒண்ணு பேசியிருக்கீங்க."

அதோடு விட்டாரா? போனை எடுத்து ஊரெல்லாம் அறிவித்துவிட்டார், மாப்பிள்ளையே வேண்டாம்னு சொல்லிட்டார் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் வந்ததும், அடுத்த நிமிஷம் உங்களிடமிருந்து எனக்கு வந்ததும் அப்படித்தான். "எங்கப்பா கண்ணோட விளையாடறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தவர்தான், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உங்களை நான் தப்புச் சொல்லவில்லை மச்சான். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. உங்கள் தங்கையும் அந்த வாரம் முழுக்க என்னோடு, சாப்பாடு இருக்கு, சட்டை காயுது என்ற அளவில்தான் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் மாமா வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மாஸ்டர் ஆபரேஷனுக்கு மறுக்கிறாராம் என்று செய்தி பரவியதும், அவரிடம் வண்டி பழகியவர்கள் ஒவ்வொருவராகப் புத்தி சொல்ல வர ஆரம்பித்தார்கள். பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, தபால் வண்டிக்காரர் என்று தினமும் ஒரு ஆள். ஸ்கூலை விற்றதிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். மாமா முன்னறையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வந்தவர்களை எல்லாம் பேசவிட்டு, கடைசியில் "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைப்பார். வெளியே போகிறவர் வண்டியைக் கிளப்பும் சத்தத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, கிளச்சை இன்னும் பட்டுன்னுதான் விடறான் என்று திருத்தமும் சொல்வார். அத்தைக்கு டீ போட்டு மாளவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாமா என்னைக் கூப்பிட்டு, "என் கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னு நீங்களே நேர்ல பாருங்க, அவன்கிட்ட சொல்லுங்க, ஏறுங்க வண்டியில" என்றார். அவன் என்றது உங்களை. நான் பின் சீட்டில் ஏறினேன். அத்தை வழக்கம்போலப் பக்கத்து சீட்டில், மடியில் கூடையோடு. அத்தையின் உயரம் உங்களுக்குத் தெரியும், அலமாரியின் இரண்டாவது தட்டுக்கே முக்காலி போடுகிற உருவம், பின்னாலிருந்து பார்த்தால் அந்த சீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. வண்டி கிளம்பியது. மாமா நன்றாகத்தான் ஓட்டினார், பாதை மனப்பாடம் இல்லையா. முனை வந்ததும் வண்டி தானாக நின்றது. "பார்த்தீங்களா?" என்றார். பிறகு ஒரு நாய் குறுக்கே போனது, அப்போதும் தானாக நின்றது. "மறுபடியும் பார்த்தீங்களா?" எனக்கு ஒரே ஆச்சரியம். நாய்க்கு நிற்கத் தெரிந்த கார் எவ்வளவு புத்திசாலிக் கார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

பேக்கரியைத் தாண்டித் திரும்பும்போது, நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து குழந்தை வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நேராகத் தெருவுக்குள் வந்துவிட்டாள். நான் பார்த்துவிட்டேன். பார்த்து, வாயைத் திறந்தேன். பேசுவதற்கே சம்பளம் வாங்குகிறவன், ஒரு சத்தம் வரவில்லை மச்சான். மாமா பார்க்கவில்லை, அவர் கால் அசையவும் இல்லை. வண்டி மட்டும் அலறிக்கொண்டு நின்றது. அத்தையின் மடியிலிருந்த கூடை முன்னால் பறந்து விழுந்தது. அந்தப் பெண் எங்களைப் பார்த்து ஒரு தடவை முறைத்துவிட்டு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

 பிறகு மாமா ஸ்டியரிங்கைத் தட்டினார். "பார்த்தீங்களா மாப்பிள்ளை, தானா நின்னுடுச்சு."

அத்தை குனிந்து கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தானா நிக்கலைங்க. நான்தான் நிறுத்தினேன்."

மாமா திரும்பவில்லை. "எவ்வளவு நாளா?"

"அந்த லாரிக்கு அப்புறம். தினமும் நான்தான் நிறுத்தறேன்."

மச்சான், நான் என்னவெல்லாம் பேசினேன், எத்தனை பேரைக் கூட்டிவந்தேன், சுவர் முழுக்கக் கண்ணாகப் படம் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத அத்தை, சண்டை போடாமல், அழாமல், கூடையிலிருந்து உருண்ட எலுமிச்சம்பழத்தைத் தேடிக்கொண்டே நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். இனி என்ன நடக்குமோ என்று நான் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் ஸ்டியரிங் தெரியாத காலத்தில் பக்கத்து சீட்டிலிருந்து ஊரையே காப்பாற்றிய மனிதர். அவரிடம், இப்போது பழகுகிற பையன் நீதான் என்று சொல்கிற மாதிரி அல்லவா ஆகிவிட்டது? கத்துவார் என்று நினைத்தேன். இறங்கி நடந்துபோய்விடுவார் என்றுகூட நினைத்தேன்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "குதிகாலைத் தரையில ஊன்றிக்கிட்டு அழுத்தணும்மா. இப்படிக் குத்தக் கூடாது. பின்னாடி வர்றவன் வந்து இடிச்சுடுவான்."

அவ்வளவுதான். எஞ்சினை அணைத்தார், சாவியை உருவி அத்தையின் கூடைக்குள் போட்டார், இறங்கிச் சுற்றிவந்து அத்தையைப் பின்னால் அனுப்பிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். "நீங்க எடுங்க மாப்பிள்ளை" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வகுப்பு. நடுவே பல தடவை அவரே பிரேக்கை அழுத்தினார். எதிரே எதுவும் இல்லாதபோதும் அழுத்தினார். கண் தெரியாத ஒருவர் பயந்து பிரேக் போடுகிற லட்சணத்தில் நான் வண்டி ஓட்டுகிறேன் என்பதை இதோடு சேர்த்து ஒப்புக்கொள்கிறேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, எந்தப் பக்கமும் பார்க்காமல் காற்றிடம் கேட்பதுபோல, அந்தக் கண் டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டார்.

ஆமாம் மச்சான். ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒரு கண், போன வாரம். நல்லபடியாக முடிந்தது, கட்டும் பிரித்தாகிவிட்டது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபப்படாதீர்கள், மாமாவின் கட்டளை அது. "போன்ல சொன்னா அவன் கத்துவான், பாவம், அங்கே தனியா உட்கார்ந்து பதறுவான். எல்லாம் முடிஞ்சப்புறம் எழுதிப் போடுங்க. எழுத்தைப் பார்த்துக் கத்த முடியாது" என்றார். பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பெடுக்காத மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை உங்கள் தங்கையிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிடுவதற்கு முன், பெஞ்சில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "மாப்பிள்ளை, அன்னைக்குப் படம் போட்டுப் பேசும்போது, வலிக்கவே வலிக்காதுன்னு சொன்னீங்களே. அது ஊருக்குப் பொதுவா சொன்னதா, எனக்குன்னு சொன்னதா?" வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தலையாட்டினாரே தவிர, மனிதர் அன்று நான் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். உங்களுக்குன்னு சொன்னதுதான் மாமா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு என் கையை விட்டார். நான் அதுவரை அவர் பிடித்திருந்ததையே கவனிக்கவில்லை. உள்ளே போனதும் பழைய ஆள் ஆகிவிட்டாராம், டாக்டரிடமே, அவசரப்படாம மெதுவா, பக்கவாட்டுல பார்த்துக்கிட்டு என்று சொல்லிக்கொடுத்தாராம். நர்ஸ் வெளியே வந்து சிரித்தாள்.

கட்டு பிரித்த பிறகு முதலில் பார்த்தது என்னைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை இவ்வளவு நரைச்சுட்டீங்க, ஆபீஸ்ல ரொம்பப் படுத்தறாங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அத்தையைப் பார்த்தார். மருந்துக்கடை அண்ணன் மாதிரி பெருமூச்சு எதுவும் விடவில்லை, "நீ அப்படியேதான் இருக்கே" என்றார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கண்ணுக்கும் சரியாகத் தெரியவில்லைபோல, டாக்டரைக் கேளுங்கள் என்றார். துணிக்கடைப் பொம்மையைக் கடந்து வரும்போது மட்டும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் என் படத்தை மறுபடியும் போட்டுக் காட்டச் சொன்னார். முழுக்கப் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணு மனுஷக் கண்ணு மாதிரியே இல்லையே, மாட்டுக் கண்ணு மாதிரி இருக்கு, யார் வரைஞ்சது என்றார். வரைந்தது நான்.

இப்போது ஒரே ஒரு சங்கடம். இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். ஒரு கண் போதும், ஒரு விளக்கு எரிஞ்சாலே வண்டி ஓடும் என்று தத்துவம் பேசுகிறார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் பஸ் ஓட்டுகிறவர், தலைமை ஆசிரியை எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு வருவது நின்றுவிட்டது. வீடு காலியானதற்கு மறுநாள்தான் இந்த மறுப்பு ஆரம்பித்தது. நான் அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டேன், எதிரே இருப்பது யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு லீவு கிடைக்கும்போது ஒரு நடை வந்து, முன்னறையில் எதிரே உட்கார்ந்து, நேரில் நாலு வார்த்தை கெஞ்சிவிட்டுப் போங்கள். போனில் வேண்டாம். நன்றாகக் கெஞ்சுங்கள், அவசரப்படாமல், ஒரு வாரம் பத்து நாள் கெஞ்சுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். அத்தை பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறார்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசியும், வண்டி பழகினால் தாத்தாவிடம்தான் பழக வேண்டும் என்ற உத்தரவும். என்மேல் இருந்த கோபத்தை இந்தக் கடிதம் கையில் இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள். தாமதித்தால் உங்கள் தங்கை என் சட்டையைக் காயவைப்பதையும் நிறுத்திவிடுவாள்.

என்றும் உங்கள் அன்புக்கும் அவ்வப்போது அதட்டலுக்கும் உரிய,
தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். கண் முழுக்க ஆறும்வரை வண்டி சும்மாதான் நிற்கும், பாட்டரியைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, என்னப்பா, வண்டி தானா நிக்குதுன்னு பெரியவர் கொண்டுவந்து விட்டப்போ பக்கத்து சீட்டுப் பெடலை நீ சரியாப் பார்க்கலையா என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை விநோதமாகப் பார்த்தார். "தானா நிக்குதுன்னு அவர் சொல்லவே இல்லையே சார். அந்தப் பெடலைக் கொஞ்சம் உசத்தி வைக்கச் சொல்லித்தான் கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கால் எட்டலையாம்."